"ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்கிறார்கள். யாரிடம் எதைச் சொல்வது?

கொள்ளிடக்கரை | ஞாயிறு, இரவு 11.20

அக்கா பையனுக்கு எட்டு வயது. போன மாசியில் ஒரு கண் மட்டும் உள்பக்கம் போனது. கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்று கும்பகோணத்தில் கண் டாக்டரிடம்தான் முதலில் போனார்கள். அப்புறம் நடையில் வலது கால் இழுத்தது. ஸ்கேன் எடுத்ததில் மூளைத்தண்டுக்குள் கட்டி, டிஐபிஜி என்றார்கள். கத்தி வைக்க முடியாத இடம். சென்னையில் 30 நாள் கதிர்வீச்சு கொடுத்தார்கள். ஊருக்கு வந்ததும் ஓடினான், சைக்கிள் ஓட்டினான், பள்ளிக்கூடம்கூடப் போனான். இந்த நல்ல காலம் சில மாதம்தான் என்று டாக்டர் முன்பே சொல்லியிருக்கிறார். ஆனால் அத்தானிடம் மட்டும், தனியாக, வராந்தாவில் வைத்து. அத்தான் அதை ஐப்பசி வரை யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது மறுபடியும் எல்லாம் திரும்பிவிட்டது. பேச்சு குழறுகிறது, விழுங்கச் சிரமப்படுகிறான், வலது கை வேலை செய்யவில்லை. வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், வலியோ மூச்சோ எது என்றாலும் கூப்பிடுங்கள் என்று வலிநிவாரண சிகிச்சைக் குழுவின் எண்ணைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

என் கேள்வி மருத்துவம் பற்றியது இல்லை. எங்களுக்கு ஆள் இல்லாத குறை இல்லை, ஆள் கூடிப்போனதுதான் பிரச்சினை. வாட்ஸ்அப் குழுவில் 23 பேர். அக்கா ஒரே சேதியை ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை போனில் சொல்கிறாள், ஒவ்வொரு தடவையும் அழுகிறாள். போன வியாழக்கிழமை மூன்று வீட்டிலிருந்து சாம்பார் வந்தது. ஃபிரிட்ஜைத் திறந்தால் நாலு தூக்குவாளி. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு டெக்சா என்கிற ஸ்டீராய்டு மாத்திரை கிளப்பிவிட்ட பசியில் அவன் தோசை கேட்கும்போது மாவு கரைக்க அக்கா மட்டும்தான் இருக்கிறாள்.

நேற்று அந்த மாத்திரையை அத்தான் காலை ஏழு மணிக்குக் கொடுத்திருக்கிறார். ஏழரைக்கு அவர் தங்கையும் கொடுத்துவிட்டாள். குழுவின் எண்ணுக்குப் பேசினோம். இந்த ஒரு தடவையால் பெரிதாக ஒன்றும் ஆகாது, அடுத்த வேளையை எப்படிக் கொடுப்பது என்று சொல்கிறேன் என்றார் நர்ஸ். அப்புறம் ஒன்று கேட்டார்: "இது மார்ஃபினா இருந்திருந்தா?"

அதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. இந்த மாதிரி வீட்டில் யார் எதைப் பார்ப்பது என்று நீங்கள் எப்படிப் பிரித்துக்கொண்டீர்கள்?

---

வைகை_செவிலி | திங்கள், காலை 6.05

மதுரைப் பக்கம் வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் வலிநிவாரணப் பிரிவில் பதினோரு வருடமாக நர்ஸாக இருக்கிறேன். டூட்டிக்குக் கிளம்பும் முன் எழுதுகிறேன், கோர்வையாக இருக்காது.

முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள். செல்போன் செயலி எல்லாம் வேண்டாம், கடையில் கிடைக்கும் நீள நோட்டு போதும். குழந்தையின் கட்டில் பக்கத்திலேயே கயிறு கட்டித் தொங்க விடுங்கள். அது அந்த அறையைவிட்டு நகரவே கூடாது. ஒரு பக்கம் ஒரு நாள். நேரம், மருந்து, கொடுத்தவர் கையெழுத்து. கொடுத்த பிறகு எழுதலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. மருந்து கையில் இருக்கும்போதே எழுத வேண்டும். கையெழுத்து இல்லை என்றால் கொடுக்கவில்லை என்று அர்த்தம். கையெழுத்து இருந்தால் கடவுளே வந்து சொன்னாலும் மறுபடி கொடுக்கக் கூடாது.

நோட்டின் பின்பக்கத்தில் எங்களைப் போன்றவர்களுக்காக நாலு வரி: ராத்திரி எத்தனை தடவை விழித்தான், வாந்தி உண்டா, வெளிக்குப் போனானா, வலி எவ்வளவு. பேச முடிகிற குழந்தையாக இருந்தால் ஆறு முகம் வரைந்த படத்தைக் காட்டி உன் முகம் எது என்று கேட்போம். பேச்சு போய்விட்டால் முகச்சுளிப்பு, கால் உதைப்பு, நெளிவது, அழுகை, தூக்கினால் சமாதானம் ஆகிறானா, இந்த ஐந்தையும் பார்ப்போம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு, மொத்தம் பத்து மார்க். அம்மாக்கள் இதை எங்களைவிடச் சரியாகப் போடுகிறார்கள்.

அடுத்து, வெளியில் பேசுவதற்கு ஒரே ஒரு ஆள். சொந்தக்காரர்களிடம் பேசுவது ஒரு ஆள், எங்களிடம் பேசுவது ஒரு ஆள். இரண்டும் ஒருவராக இருக்க வேண்டியதில்லை, சொல்லப்போனால் இல்லாமல் இருப்பதே நல்லது. சொந்தக்காரர்களுக்கு நீங்கள். தினம் சாயங்காலம் ஏழு மணிக்குக் குழுவில் நாலு வரி போடுங்கள். கடைசி வரியில் "அக்காவுக்குப் போன் வேண்டாம்" என்று தினமும், சலிக்காமல்.

மூன்றாவது: "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்பவருக்கு உடனே ஒரு வேலை கொடுங்கள். அப்படிக் கேட்பவர்களில் பாதிப் பேர் நிஜமாகவே செய்யத்தான் கேட்கிறார்கள், என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிறார்கள். செவ்வாய் வெள்ளி ராத்திரி கூட இருப்பது, வீட்டில் வேறு பிள்ளை இருந்தால் டியூஷன் கூட்டிப் போவது, காஸ் பதிவு, துணி. ஒரு ஆளுக்கு ஒரு வேலை, அது அவர் வேலை. சாம்பார் வேலை வாரத்துக்கு ஒரு வீடு.

பையனுக்கு மூத்தவளாக, பெரியவள் யாராவது இருக்கிறாளா? எழுதவே இல்லையே. பெரும்பாலும் இருப்பார்கள், யாரும் எழுத மாட்டார்கள்.

---

ஈரோட்டு_மஞ்சள் | திங்கள், காலை 9.40

என் மகனுக்கு டுஷேன் தசைச்சிதைவு. பதினெட்டு வயது வரை இருந்தான். உங்களுடையது மாதக்கணக்கு, எங்களுடையது வருடக்கணக்கு. அதனால் நான் சொல்வதில் பாதி உங்களுக்குப் பொருந்தாது.

பொருந்தும் பாதி இதுதான். அலுவலக வேலை அனைத்தையும் ஒரு ஆண்பிள்ளையிடம் தள்ளிவிடுங்கள். எங்கள் வீட்டில் என் மச்சினன். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, காப்பீட்டு அட்டை, மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை எல்லாம் அவன் பொறுப்பு. புற்றுநோய் என்றால் ரயிலில் சிகிச்சைக்குப் போகும் நோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசியிலும் முழுச் சலுகை, கூடப் போகிறவருக்கு 75 சதவீதம். சென்னைக்கும் கும்பகோணத்துக்கும் எத்தனை தடவை போய்வந்தீர்கள், யாராவது அந்தப் படிவத்தை வாங்கினீர்களா? நான் பந்தயம் கட்டுவேன், இல்லை. துக்கத்தில் இருக்கிற வீட்டில் படிவம் கண்ணில் படாது. அதற்குத்தான் துக்கம் ஒரு படி குறைவாக இருக்கிற ஆள் தேவை.

இன்னொன்று, அத்தானைப் பற்றி நீங்கள் எழுதிய தொனி. "யாரிடமும் சொல்லவில்லை" என்று குற்றம் மாதிரி எழுதியிருக்கிறீர்கள். நானும் சொல்லவில்லை. ஏழு மாதம். சொன்னால் அது நிஜமாகிவிடும் என்று ஒரு பயம். தினமும் பைக்கை பவானி ரோட்டில் ஒரு புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு அரை மணி உட்கார்ந்திருப்பேன், அப்புறம்தான் வீட்டுக்கு. அவரிடம் யாராவது தனியாக ஒரு டீ குடியுங்கள். பையனைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

---

சும்மா_வாசகன் | திங்கள், பகல் 1.15

"துக்கம் ஒரு படி குறைவாக இருக்கிற ஆள்." இதை எழுதி வைத்துக்கொண்டேன்.

---

ஒரு_தாய் | திங்கள், இரவு 10.50

எல்லோரும் நல்லதுதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் படிக்கப் படிக்க நெஞ்சு அடைத்தது, வேறு காரணத்துக்காக.

என் மகள் போன சமயம் என் தங்கை இப்படித்தான் எல்லாவற்றையும் கையில் எடுத்தாள். அட்டவணை, நோட்டு, யார் எப்போது வரலாம், எல்லாம். வீடு ஆஸ்பத்திரி மாதிரி ஒழுங்காக நடந்தது. கடைசி மூன்று வாரம் என் பிள்ளைக்கு எத்தனை மணிக்கு எந்த மருந்து என்று எனக்கே தெரியாது. "நீ ரெஸ்ட் எடுக்கா" என்பாள். நான் என்னத்தை ரெஸ்ட் எடுப்பது? கூடத்தில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே என் பிள்ளையை யாரோ துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

தங்கையைக் குறை சொல்ல மாட்டேன். அவள் மட்டும் இல்லையென்றால் நான் செத்திருப்பேன். ஆனால் அவள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்: உனக்கு எது வேண்டும், எதை நான் தொடக்கூடாது என்று. கேட்டிருந்தால், தலைவாருவதையும் ராத்திரி மருந்தையும் விட்டுவிடு, மற்ற எல்லாவற்றையும் எடுத்துக்கொள் என்றிருப்பேன்.

சமையலைப் பிடுங்குங்கள், போனைப் பிடுங்குங்கள், வாசலில் வந்து நிற்கிறவர்களைப் பிடுங்குங்கள். பிள்ளையைப் பிடுங்காதீர்கள்.

---

கொள்ளிடக்கரை | செவ்வாய், காலை 5.30

ஒரு_தாய் அக்கா, நீங்கள் எழுதியதை மூன்று தடவை படித்தேன். நேற்றே ஒரு பெரிய அட்டவணை போட்டு வைத்திருந்தேன், பெருமையாக. அதில் அக்கா பெயர் எங்குமே இல்லை. "ஓய்வு" என்று ஒரு கட்டம், அதில் மட்டும் இருந்தது.

ராத்திரி அவளிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னாள்: குளிப்பாட்டுவது நான். ராத்திரி தோசை நான். அது எனக்குத் தொந்தரவு இல்லடி, அந்த நேரத்தில்தான் அவன் பேசுகிறான். பகலில் என்னைத் தூங்க விடு, போதும்.

நான் இங்கே முதல் பதிவில் புலம்பியதே அந்தத் தோசையைப் பற்றித்தான்.

வைகை மேடம், ஆமாம், பெரியவள் இருக்கிறாள். பன்னிரண்டு வயது. எழுதவில்லைதான்.

---

பாலக்காட்டான் | செவ்வாய், காலை 11.00

பாலக்காட்டுத் தமிழன். எங்கள் பஞ்சாயத்துப் பாலியேட்டிவ், அதாவது வலிநிவாரணக் குழுவில் தன்னார்வலன். கேரளத்தில் இது 1993-ல் கோழிக்கோட்டில் ஒரு சின்ன அமைப்பாகத் தொடங்கியது. அப்புறம் ஊர்க்காரர்களே பயிற்சி எடுத்துக்கொண்டு வாரத்தில் சில மணி நேரம் தருவது என்று பரவியது. 2008-ல் மாநில அரசு இதற்கென்று கொள்கையே கொண்டுவந்தது. இன்று உள்ளாட்சி அமைப்புகளே நர்ஸ் வைத்து வீட்டுக்கு அனுப்புகின்றன. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் வந்த மக்களைத் தேடி மருத்துவத்திலும் வீட்டுக்கு வரும் வலிநிவாரண சேவை உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்தாயிற்றா? சென்னைக் குழு போனில் வழி சொல்லலாம். சாப்பாட்டுக்கு மூக்குக்குழாய் போட்ட பிறகு அது அடைத்துக்கொண்டால் நேரில் வர பக்கத்தில் ஆள் வேண்டும்.

தன்னார்வலனாக நான் கற்றது ஒன்றைச் சொல்கிறேன். எங்களை முதலில் அனுப்பிய வீட்டில் ஒரு பையன். நான் மருந்து, படுக்கைப்புண், அது இது என்று படித்துக்கொண்டு போனேன். அந்த அம்மா கேட்டது, "மேட்டுப்பாளையம் போய் என் மாமியாரைக் கூட்டிட்டு வர முடியுமா?" அவ்வளவுதான். போய்க் கூட்டி வந்தேன். அதற்குப் பிறகுதான் என்னை அந்த அறைக்குள்ளேயே விட்டார்கள்.

---

உண்மை_விளம்பி | செவ்வாய், பிற்பகல் 3.30

எல்லோரும் பையன் போய்ச் சேர்ந்துவிட்ட மாதிரியே பேசுகிறீர்கள். எட்டு வயதுப் பிள்ளை. எங்கள் சொந்தத்தில் ஒருவருக்குக் கட்டி கரைந்தது, மூலிகை வைத்தியம்தான். ஆங்கில மருந்து எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு 48 நாள் கொடுத்தார்கள். பாலியேட்டிவ் என்றாலே கைவிட்டுவிட்டார்கள் என்றுதான் அர்த்தம். நம்பிக்கையை விடாதீர்கள், வேண்டுமானால் விலாசம் தருகிறேன்.

---

வைகை_செவிலி | செவ்வாய், இரவு 9.15

ஐயா, கோபித்துக்கொள்ளாமல் படியுங்கள்.

டெக்சாவை ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. பல வாரம் சாப்பிட்ட உடம்பு அதே வகை ஹார்மோனைத் தானாகச் சுரப்பதைக் குறைத்துவிட்டிருக்கும். மூளையில் வீக்கமும் திரும்பி ஏறும். "எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு" என்ற அந்த ஒரு சொல்லால் நான் பார்த்த கஷ்டம் கொஞ்சநஞ்சம் இல்லை. வீட்டில் பெரியவர்கள் விபூதி பூசட்டும், வேண்டுதல் வைக்கட்டும், நானே சில வீட்டில் கோயில் கயிறு கட்டிவிட்டிருக்கிறேன். வாய் வழியாகப் போவது எதுவானாலும் குழுவிடம் கேட்டுவிட்டு. அவ்வளவுதான் நிபந்தனை.

கைவிடுவது பற்றி. உலக சுகாதார நிறுவனம் 1998-லேயே, குழந்தைகளுக்கான இந்தப் பராமரிப்பு நோய் கண்டுபிடித்த நாளிலேயே தொடங்க வேண்டும், நோய்க்குச் சிகிச்சை நடந்தாலும் நடக்காவிட்டாலும் தொடர வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டது. குழந்தையோடு குடும்பத்தைத் தாங்குவதும் அதே வரையறையில் உண்டு. நடப்பதோ, கடைசி மாதத்தில்தான் எங்கள் எண்ணைக் கொடுக்கிறார்கள். அதனால்தான் எங்களைப் பார்த்தாலே எமன் வந்த மாதிரி இருக்கிறது.

மார்ஃபின் பயமும் இதே வகைதான். பழக்கமாகிவிடும், உயிரைச் சீக்கிரம் எடுத்துவிடும் என்பார்கள். வலிக்கு அளந்து, நேரம் தவறாமல் கொடுத்தால் இரண்டும் இல்லை. மலச்சிக்கல் மட்டும் நிச்சயம் வரும், அதற்கு மருந்து சேர்த்தே தருவோம். 1985 போதைப்பொருள் சட்டத்தால் ஆஸ்பத்திரிகளே அதை வாங்கிவைக்கப் பயந்த காலம் ஒன்று இருந்தது. 2014 திருத்தத்துக்குப் பிறகு விதி எளிதானது. சட்டத்தைத் திருத்திவிட்டார்கள், மாமியார்களைத் திருத்துவதுதான் பாக்கி.

---

நிர்வாகி | செவ்வாய், இரவு 9.40

மருந்து அளவுகளை யாரும் இங்கே எழுத வேண்டாம். வைத்தியர் விலாசம், பண வசூல் இரண்டுக்கும் இங்கே இடமில்லை. இழை தொடரட்டும்.

---

இரண்டாவது_பெண் | புதன், இரவு 12.30

அந்தப் பன்னிரண்டு வயதுக்காரிக்காக எழுதுகிறேன். நான் அவள்தான், இருபது வருடத்துக்கு முன்னால். எனக்கு அப்போது பத்து, தம்பிக்கு ஆறு. ரத்தப் புற்றுநோய்.

என்னைச் சித்தப்பா வீட்டில் விட்டார்கள். நல்ல எண்ணத்தில்தான். பிள்ளை இதையெல்லாம் பார்க்க வேண்டாமே என்று. நான் நினைத்துக்கொண்டது வேறு. அவனுக்குக் காய்ச்சல் வருவதற்கு முந்தின நாள் ரிமோட்டுக்காக அவன் முதுகில் குத்தினேன். குத்தியதால்தான் வந்தது, அது எல்லோருக்கும் தெரியும், அதனால்தான் என்னை வீட்டைவிட்டு அனுப்பிவிட்டார்கள் என்று நிச்சயமாக நம்பினேன். இதை முதன்முதலில் வாய்விட்டுச் சொன்னபோது எனக்கு இருபத்தாறு வயது.

அவளிடம் யாராவது மூன்று விஷயம் சொல்ல வேண்டும். அவள் கேட்கக் காத்திருக்க வேண்டாம், கேட்க மாட்டாள். நீ செய்த எதாலும் இது வரவில்லை. இது ஒட்டிக்கொள்ளாது. அம்மா தம்பியோடு இருக்கும்போது உன்னை இன்னார் பார்த்துக்கொள்வார், பெயர் சொல்லி. அவள் வகுப்பு டீச்சரிடமும் ஒரு வார்த்தை. கணக்கு நோட்டு முடிக்கவில்லை என்று என்னை முட்டி போட வைத்த அன்று தம்பி ஐசியூவில் இருந்தான், டீச்சருக்குத் தெரியாது.

அப்புறம், அவளுக்கும் ஒரு வேலை கொடுங்கள். பெரியவர்கள் வேலை இல்லை. அவள் மட்டும் செய்கிற மாதிரி ஏதோ ஒன்று.

---

குரோய்டன்_குமரன் | புதன், மாலை 4.20

லண்டனிலிருந்து. இங்கே ஆக்ஸ்ஃபோர்டில் 1982-ல் தொடங்கிய ஹெலன் ஹவுஸ்தான் குழந்தைகளுக்கென்றே உருவான முதல் ஹாஸ்பிஸ், அதாவது தீராத நோயாளிகளைப் பராமரிக்கும் இல்லம். என் அண்ணன் மகள் இங்கே வேறொரு குழந்தைகள் ஹாஸ்பிஸுக்கு நாலு வருடம் போய்வந்தாள். சாகப் போகிற இடம் என்றுதான் அண்ணி முதலில் மறுத்தார். போன பிறகு தெரிந்தது, பெரும்பாலான குடும்பங்கள் அங்கே வருவது வருடத்தில் சில நாள் தூங்குவதற்கு. பிள்ளையை நர்ஸ்கள் பார்ப்பார்கள், பெற்றோருக்கு மாடியில் அறை, கூடப் பிறந்தவர்களுக்குத் தனி விளையாட்டுக் குழு.

இங்கே ஒரு குடும்பத்துக்குப் பொறுப்பாக ஒரே ஒரு ஆளைக் குறித்துக் கொடுக்கிறார்கள். அவருக்குப் போன் செய்தால் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், சக்கர நாற்காலி எல்லாம் அவர் தலைவலி. இழையில் அந்த வேலையைச் சித்தி செய்துகொண்டிருக்கிறார், சம்பளம் இல்லாமல்.

ஆனால் ராத்திரி மூன்று மணிக்கு மூக்குப்பொடி வாசனையோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்க இங்கே அண்ணிக்கு யாரும் இல்லை. விசா கிடைத்து அம்மா வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

---

கொள்ளிடக்கரை | அடுத்த வெள்ளி, இரவு 10.10

பத்து நாள் ஆகிவிட்டது. நிறையப் பேர் தனிச்செய்தியில் கேட்டீர்கள், நன்றி.

நோட்டு தொங்குகிறது. அதில் ஒரு மாற்றம், எங்கள் யோசனை இல்லை. முதல் நாள் நான் கையெழுத்துப் போடுவதைப் பார்த்துவிட்டு, "என் மருந்துக்கு நீ எதுக்குக் கையெழுத்துப் போடுற?" என்று குழறிக் குழறிக் கேட்டான். அன்றிலிருந்து நாங்கள் கையெழுத்து, அவன் பக்கத்தில் ஒரு டிக். வலது கை வராது, இடது கையால். டிக் போடாமல் வாயைத் திறக்க மாட்டான். அட்டையில் பெரியவளை "ஆபீஸ்" என்று எழுத வைத்திருக்கிறான்.

பெரியவளிடம் மொட்டை மாடியில் வைத்துச் சொன்னேன், மூன்றையும். இரண்டாவது சொல்லும்போது "எனக்குத் தெரியும் சித்தி, கூகுள் பண்ணிட்டேன்" என்றாள். முதலாவதற்கு மட்டும் பதில் இல்லை, காய்ந்துகொண்டிருந்த துணியை மடிக்க ஆரம்பித்துவிட்டாள். அவள் வேலை: தினம் பள்ளிக்கூடத்தில் அவன் வகுப்பில் நடந்த ஒரு சங்கதியைக் கேட்டு வந்து சொல்வது. யார் யாரை அடித்தார்கள், யார் டிபனை யார் தின்றார்கள். அவன் சார் ரிப்போர்ட் வாங்குகிற மாதிரி கேட்டுக்கொள்கிறான்.

அத்தானோடு டீ குடித்தது என் கணவர். ஒன்றரை மணி நேரம் நெல் விலை பேசினார்களாம். திரும்பி வரும்போது அத்தானே, "சகலை, ரயில் பாஸ் ஃபாரம் எங்க கிடைக்கும்?" என்று கேட்டிருக்கிறார். இனி சென்னைக்குப் போகப்போவதில்லை. இருந்தாலும் வாங்கி வைத்திருக்கிறார்.

சறுக்கியதும் உண்டு. வருகிறவர்களை நிறுத்துகிறேன் என்று நான் வாசலில் சட்டம் பேசியதில் அப்பாயி மனது முறிந்துவிட்டது. சொந்தப் பேரனைப் பார்க்க உன்னிடம் நேரம் வாங்கணுமா என்று இரண்டு நாள் வரவில்லை. போய் மன்னிப்புக் கேட்டேன். இப்போது மதியம் இரண்டிலிருந்து நாலு வரை அப்பாயி டூட்டி. அக்கா தூங்குகிற நேரம். அப்பாயி கட்டிலில் ஏறி அவன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே ஊர்வம்பு பேசுவார். அந்த இரண்டு மணி நேரம் அவன் நெளிவதே இல்லை என்று வலிக்கணக்குப் பக்கத்தில் பதிவாகியிருக்கிறது.

திங்கட்கிழமை மூக்குக்குழாய் போட்டார்கள். அன்று ராத்திரி அக்காவிடம் கேட்டிருக்கிறான், பொங்கலுக்கு அம்மாயி வீட்டுக்குப் போவோமா என்று. அக்கா என்ன சொல்வது என்று தெரியாமல் எழுந்து போய்விட்டாள். வைகை மேடம், இதற்கு என்ன சொல்ல வேண்டும்?

---

வைகை_செவிலி | சனி, காலை 5.50

முதலில் திருப்பிக் கேளுங்கள்: உனக்கு என்ன தோணுது? செத்தவர் திரும்பி வர முடியாது என்பது எட்டு வயதுப் பிள்ளைக்குப் பெரும்பாலும் புரியும். அவன் கேட்பது அதுவாகவும் இருக்கலாம், வெறும் கரும்பாகவும் இருக்கலாம். நாம் பெரிய கேள்வியாக எடுத்துக்கொண்டு சின்னக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் போய்விடுவோம். பொய் மட்டும் வேண்டாம். "போக முடியாமல் போகலாம், அப்படின்னா அம்மாயி இங்கே வருவாங்க" என்று சொல்லலாம். அழுதால் அழட்டும், கூட அழலாம்.

பொங்கல் தை மாதம்தான் வர வேண்டும் என்று அவன் விஷயத்தில் சட்டம் இல்லை.

இன்னொன்றும் இப்போதே எழுதிவிடுகிறேன், அப்புறம் எழுதக் கை வராது. கடைசி நாட்களில் தொண்டையில் கரகரவென்று சத்தம் வரலாம். நமக்குக் கேட்கப் பயங்கரமாக இருக்கும், அவனை அது அநேகமாக வருத்தாது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சு வாங்கினால் சின்ன மின்விசிறியை முகத்துக்கு நேராக. உதட்டில் ஈரப் பஞ்சு. அந்த நேரத்தில் யாராவது பதறி 108-ஐக் கூப்பிட்டால் வண்டி ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிப் போகும். வீட்டிலேயே என்று அக்காவும் அத்தானும் முடிவு செய்திருந்தால், முதலில் அழைக்க வேண்டிய எண் எது என்று நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதுங்கள். உள்ளூர் டாக்டர் ஒருவரை இப்போதே ஒரு தடவை வந்து பார்க்கச் சொல்லுங்கள், பிறகு சான்றிதழுக்கு அலைய வேண்டாம். பதிவு செய்ய 21 நாள் அவகாசம் உண்டு, அதை ஈரோட்டு ஐயா சொன்ன மாதிரி ஒரு படி தள்ளி நிற்கிற ஆளிடம் விடுங்கள்.

அக்காவுக்கு ராத்திரியில் யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் 14416, டெலி மனஸ் என்கிற மனநல உதவி எண். தமிழில் பேசுவார்கள். உங்களுக்கும் சேர்த்துத்தான்.

---

கொள்ளிடக்கரை | திங்கள், இரவு 11.55

நேற்று கொல்லையில் பொங்கல் வைத்தோம். மார்கழியில் பொங்கலா, ஊர் சிரிக்கும் என்று அப்பாயிதான் முதலில் மறுத்தார். பிறகு மூன்று தெரு அலைந்து மஞ்சள் கொத்து வாங்கி வந்ததும் அவர்தான். அம்மாயியை என் கணவர் போய்க் கூட்டி வந்தார். கட்டிலைக் கொல்லைக் கதவுப் பக்கம் இழுத்துப் போட்டோம். பொங்கும்போது அவனால் கத்த முடியவில்லை, பெரியவள் அவனுக்கும் சேர்த்துக் கத்தினாள். நாக்கு நுனியில் ஒரு சொட்டு தடவலாம் என்று குழு சொல்லியிருந்தது. அக்கா விரலால் தொட்டு வைத்தாள். "வெல்லம் கம்மி" என்றான். அது எல்லோருக்கும் புரிந்தது.

இன்று காலை டிக் போடும்போது பென்சில் நழுவிக்கொண்டே இருந்தது. நாலு தடவை எடுத்துக் கொடுத்தோம். கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டான், மருந்தும் வேண்டாம் என்றான். அத்தான் ஒன்றும் பேசாமல் வெளியே போனவர், அரை மணியில் ஒரு ஸ்டாம்ப் பேட் வாங்கி வந்தார். நீல மை. இப்போது அவன் கட்டைவிரலைப் பிடித்து அத்தான் ஒற்றி எடுக்கிறார், ஒரு நாளைக்கு ஆறு தடவை.

விரலில் மை அப்படியே நிற்கிறது. சோப்புப் போட்டுத் தேய்த்தால் அவனுக்கு எரிகிறது. என்ன செய்யலாம்?

---

ஈரோட்டு_மஞ்சள் | செவ்வாய், காலை 6.10

தேங்காய் எண்ணெய் இரண்டு சொட்டு, பழைய வேட்டித் துணி. தேய்க்காமல் ஒற்றி எடுங்கள்.